அபியின் அறைக்குள் வரும் காற்று

11 ஜனவரி, சனி

காற்று, இடையிடையே ஐஸ் மழை. ஹீட்டர் ஐந்தில். அப்படியும் மகளின் அறை குளிர். அந்தக் காலத்தில் அறையைச் சூடாக்கிய அடுப்புக்காகச் சுவரில் விட்ட ஓட்டைதான் காரணம். அடுப்பை வீட்டுக்காரன் எப்பவோ கழற்றிவிட்டான். புகைக்கூடு மட்டும் சும்மா நிற்கிறது, ஓட்டைக்கு ஒரு தகர மூடி. பக்கத்தில் ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன். புகை அறைப் பக்கம் சாய்ந்தது.

பின்னேரம் அபி கதவைச் சாத்திக்கொண்டு ஃபோன். ஜேர்மன் மொழியில். "ட்சீயன்" என்று இரண்டு தரம் கேட்டது. நான் உடுப்பு வைக்க உள்ளே போனதும் குரல் மாறிவிட்டது. குளிர் காற்று உள்ளே வந்தால் "எஸ் ட்சீட்" என்பார்கள் இங்கே. ட்சீயனும் அதே சொல்தான். வீட்டுக் குளிரை ஊராருக்குச் சொல்கிறாள், எனக்குச் சொல்லவில்லை.

ஒரே பிள்ளை. இருபத்தாறு வயது. குளிரைச் சாட்டி வேறு வீடு பார்த்தால்? விடமாட்டேன். ஓட்டையை அடைக்க வேண்டும்.

13 ஜனவரி, திங்கள்

காலை ஷிஃப்ட். வாங்க: வெங்காயம், எரியாத பஞ்சு, டேப்.

புகைக்கூடு துப்பரவாக்கும் ஆள் மேல்மாடிக்கு வந்திருந்தார். மறித்துக் கேட்டேன். இந்தக் குழாயை ஒருவரும் பாவிப்பதில்லை, அடைக்கலாம், ஆனால் ஒரேயடியாக இறுக்க வேண்டாம், கொஞ்சம் மூச்சு விடட்டும், இல்லாவிட்டால் ஈரம் பிடிக்கும் என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார். ஏன் சிரிப்பு? கீழ்வீட்டான் களவாக அடுப்பு எரிக்கிறானோ. மோந்து பார்த்தேன். பழைய கரி மணம்தான்.

அபியின் அப்பாவிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண் எடுக்கவில்லை.

"அவசரப்படாதையும். அவளின்ர அறை, அவளைக் கேட்டுச் செய்யும்."

இவர் இப்படி நியாயம் பேசுகிற ஆள் இல்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் ஏதோ தெரியும்.

15 ஜனவரி, புதன்

லீவு. மூடியைக் கழற்றினேன். கரி, காய்ந்த இலை. பஞ்சைச் சுருட்டித் திணித்து, மூடியைப் போட்டு, சுற்றிவர டேப். கீழே ஒரு விரல் இடம் விட்டேன். ஊதுபத்திப் புகை இப்போது நேரே மேலே. கை கழுவக் கழுவக் கறுப்பு.

கரி துடைக்கும்போதுதான் கண்டேன். புத்தகத் தட்டு பாதி காலி. கட்டிலுக்குக் கீழே பெட்டிகள். அபி வேலையால் வந்ததும் கேட்டேன்.

"உதென்ன பெட்டி, பிள்ளை?"

"சும்மா, வேண்டாத சாமான் அம்மா."

வேண்டாத சாமானுக்குள் விலைச்சீட்டைக்கூடக் கழற்றாத கறிச்சட்டி.

17 ஜனவரி, வெள்ளி

மரக்கறிச் சமையல். அபி ஓட்டையடியில் கைவைத்துப் பார்த்தாள்.

"உண்மையாவே காத்து நிண்டிட்டுது, அம்மா."

"இனி ஃபோனில ஆருக்கும் எஸ் ட்சீட் எண்டு சொல்லத் தேவையில்லை."

முழித்தாள். பிறகு கட்டிலில் இருந்துவிட்டாள்.

"நான் அதைச் சொல்லேல்லை. அவுஸ்ட்சீயன் எண்டு சொன்னனான்."

காற்று வருவதற்கும் வீட்டை விட்டுப் போவதற்கும் ஒரே சொல். முன்னுக்கு "அவுஸ்" என்று ஒரு சின்னத் துண்டு ஒட்டினால் வீட்டை விட்டுப் போகிறதாம். எனக்கு அந்தத் துண்டு கேட்கவில்லை. அடுத்த மாதம் போகிறாள். தனியாக. புது வீட்டுத் திறப்பும் கையில். இவருக்குக் கிறிஸ்மஸுக்கே தெரியும்.

"குளிர் எண்டோ போறாய்?"

"இல்லை அம்மா. எனக்கெண்டு ஒரு வீடு வேணும்."

அழக்கூடாது என்றுதான் நினைத்தேன். அழுதேன். இவருக்குச் சோறு போடவில்லை. தானே போட்டுச் சாப்பிட்டார்.

18 ஜனவரி, சனி

வெயில், ஆனால் குளிர். அபியின் அறைதான் இப்போது வீட்டிலேயே சூடான அறை.

காலையில் அவளே தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள்.

"அம்மா, அந்த வீட்டிலையும் உப்பிடி ஒரு பழைய ஓட்டை இருக்கு. காத்து வருது. நீங்கள்தான் வந்து அடைக்கவேணும்."

உண்மையாகவே ஓட்டை இருக்கிறதா, என்னைச் சமாளிக்கவென்று சொல்கிறாளா? முகத்தைப் பார்த்தேன், பிடிபடவில்லை. நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

எத்தனையாம் நம்பர் பஸ் என்று கேட்டேன்.