பாலிக் புலாவில் காற்றுக் கேட்டது

வெள்ளி
காலையிலிருந்தே காற்று. கொடியில் கிடந்த என் வேட்டி பக்கத்து வீட்டுச் சுவர் தாண்டிவிட்டது.

நாளை காதரோடு சைக்கிளில் தீவைச் சுற்ற வேண்டும். (காதர்: மார்க்கெட் தெரு ஜவுளிக்கடை. என் வயது, எடை ஒன்றரை மடங்கு.) எடுத்துப்போக: தண்ணீர், ரொட்டி, ஒட்டுப்போடும் சாமான். பம்ப், வாழைப்பழம் காதர் பொறுப்பு.

போன மாதம் நான் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்து, யாரோ வண்டியில் வீடு வந்து சேர்ந்ததை மேரி மறக்கவில்லை. நிபந்தனை போட்டுவிட்டாள். "வேற எவன் வண்டியிலயாவது ஏறி வந்தீங்கன்னா சைக்கிள் வீட்டுக்குள்ள வராது. ரோட்டுல நிக்கும். யார் தள்ளிக்கிட்டுப் போனாலும் நான் கேக்க மாட்டேன்."

தலையாட்டினேன். முப்பது வருஷம் ஆடிப் பழகிய தலை.

சனி
5.30 புறப்பாடு. பாயான் லெப்பாஸ் வரை காற்று முதுகில், இருவரும் வாலிபர்கள். சாலை திரும்பியதும் காற்று முகத்தில், இருவரும் கிழவர்கள்.

பாலிக் புலாவ் அருகே என் முன்சக்கரம் புஸ். முள். ஒட்டுப் போட்டாயிற்று. பம்ப்? பழச்சீப்புக்கு இடம் போதவில்லையென்று காதர் வீட்டிலேயே வைத்துவிட்டாராம்.

மேட்டில் ஒரு மலாய் வீடு. காதரைச் சைக்கிள்களோடு கீழே நிறுத்திவிட்டு ஏறினேன். மூச்சு வாங்குகிறது, கை வயிற்றில். வீட்டு அம்மாளிடம் எனக்குத் தெரிந்த மலாயில் காற்றுக் கேட்டேன். "அங்கின், அங்கின்." அவர் வெளியே பார்த்தார். தென்னைகள் பேயாடிக்கொண்டிருந்தன. பிறகு என் வயிற்றைப் பார்த்தார். உடனே உட்காரவைத்து, ஜாதிக்காய்த் தைலம் தந்து தேய்க்கச் சொன்னார். இஞ்சித் தண்ணீர் வேறு. வேண்டாமென்றேன், இன்னொரு கிண்ணம் வந்தது.

என்னைக் காணோமென்று காதர் ஏறி வந்தார். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விளக்குவார் என்று பார்த்தால், இஞ்சித் தண்ணீரோடு பலகாரமும் வருவதைக் கண்டு, தானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தட்டு காலியான பிறகுதான் சொன்னார்: வீசும் காற்று, டயர்க் காற்று, வயிற்று வாயு, மூன்றுக்கும் மலாயில் ஒரே சொல். கரும்பலகை இருந்தால் எழுதிப் போட்டிருப்பேன். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, உள்ளே போய்ப் பம்ப் எடுத்து வந்தார்.

இதில் இரண்டு மணி நேரம் போயிற்று. தெலோக் பஹாங் தாண்டியதும் கடல்காற்று. மிதித்தால் நிற்கிறோம், நிறுத்தினால் பின்னால் போகிறோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஒரு மீன் லாரி நின்றது. காதர் சைக்கிளோடு ஏறியே விட்டார்.

"வாங்க வாத்தியாரே. தெருமுனையில இறங்கி மிதிச்சுக்கிட்டுப் போங்க. யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியுமே என்றேன். சொல்லிக்கொண்டே ஏறினேன்.

தெருமுனையில் இறங்கவில்லை. வாசல்வரை லாரியிலேயே வந்து மேரியிடம் எல்லாம் சொன்னேன். சைக்கிளை ரோட்டோரம் நிறுத்தினேன். பூட்டவில்லை. பூட்டினால் பேச்சு மாறியதாகிவிடும்.

ஞாயிறு
ராத்திரி நல்ல மழை. பூசைக்குக் கிளம்புமுன் எட்டிப் பார்த்தேன். சைக்கிள் இருக்கிறது, ரோட்டில்தான். பின்சக்கரத்தில் எங்கள் கோழிக்கூட்டுப் பூட்டு. மேலே சாப்பாட்டு மேசையின் மெழுகுத்துணி, காற்றுக்குப் பறக்காதபடி நாலு மூலையும் இறுக்கிக் கட்டி.

மேரி காப்பி கொண்டுவந்தாள்.

"மேசை வெறுமையா கிடக்கு. கறை படாமக் குடிங்க."