புமாசிக்கு வந்தவர்கள்

சோர்வொன் ராணுவ முகாம்
நவம்பர் 9, 2011

அன்புள்ள செரிம் அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். கால் விரல்களைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. இங்கே இப்போதே பனி. அள்ளுகிறோம், அள்ளிய இடத்திலேயே மறுபடி விழுகிறது. "உயிரியல் படிச்சவனா? அப்ப கழிவறை உன் பொறுப்பு. அங்கதான் உயிருங்க ஜாஸ்தி" என்கிறார் சார்ஜென்ட்.

ஆய்வகத்தில் என் ஏழாம் மீன் தொட்டியை யாரும் கலைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் மட்டும் வெட்டிய வால் கோணலாக முளைக்கிறது என்று நான் வந்து சொன்னபோது, "கத்தியும் சரியில்ல, ஒன் கையும் சரியில்ல" என்று விரட்டினீர்களே! அந்தக் கோணல்தான் இப்போது ஆய்வுக் கட்டுரையாகிறதாம். ஊரில் என் அப்பாவிடம் சொன்னேன். "மீனுக்கு வால் மொளைச்சா யாருக்கு லாபம்?" என்றார். ஆனால் மகன் பெயர் அச்சில் வரப்போகிறது என்று கூட்டுறவுக் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம். வசந்தத்தில் கட்டாய ராணுவ சேவை முடிகிறது. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் முதுகலைக்கு உதவித்தொகை கேட்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் படிப்பும் இல்லை.

உங்கள் தம்பி,
துசிக்


உயிரியல் துறை
நவம்பர் 27

அன்புத் தம்பிக்கு,

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள், பத்திரப்படுத்தாதே.

போன வாரம் ஆய்வில் செத்த விலங்குகளுக்கு வருடாந்திர அஞ்சலி நடந்தது. நினைவுக்கல் முன்னால் கேரட், முட்டைக்கோஸ், மீன் தீனி எல்லாம் படைத்தோம். "உங்க தியாகத்த மறக்க மாட்டோம்" என்று நம் பேராசிரியர் ஹியோன் வாசித்தபோது அவருக்குக் குரல் கம்மியது. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பெயர் ஹாயுல், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரின் மகள். பத்து நாள் நம் ஆய்வகத்துக்கு வந்தாள். மோசமான பெண் இல்லை. மீன்களுக்குப் பெயர் வைத்தாள்.

ஏழாம் தொட்டி முட்டையிடுவதை நிறுத்திவிட்டது. கட்டுரை விஷயமெல்லாம் நேரில் பேசிக்கொள்ளலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


சோர்வொன்
டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை வந்தது. ஒரு ஜோடியைச் சார்ஜென்ட் எடுத்துக்கொண்டார். கழிவறை வேலை இப்போது வாரம் மூன்று நாள்தான்.

"நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அப்படி எழுதுகிற ஆள் இல்லை. எதுவானாலும் முகத்துக்கு நேரே சொல்லி, அதற்குப் பிறகு ராமென் வாங்கிக் கொடுப்பவர். எலிக்கும் மீனுக்கும் பேராசிரியர் நன்றி வாசித்தாரே, தொட்டி கழுவியவனுக்கு ஏதாவது வாசித்தாரா?

கட்டுரையில் என் பெயர் இருக்கிறதா, இல்லையா? ஒரு வார்த்தை போதும்.

உங்கள் தம்பி,
துசிக்


உயிரியல் துறை
டிசம்பர் 20

துசிக்,

இல்லை.

ஒரு வார்த்தை போதும் என்றாய். எனக்குப் போதவில்லை. உன் பெயர் இருந்த இடத்தில் ஹாயுலின் பெயர் இருக்கிறது. ஹியோன் கூப்பிட்டு, "கிராமத்துப் பொண்ணுதானே நீ, புமாசி தெரியாதா? இன்னைக்கு அவங்க வயல்ல நாம நடுறோம், நாளைக்கு நம்ம வயல்ல அவங்க நடுவாங்க. கட்டுரைல பேரு இருந்தா காலேஜ்ல சீட்டு கிடைக்கும். என் பையனும் அடுத்த வருஷம் போகணும்ல?" என்றார்.

"துசிக்?" என்று கேட்டேன்.

"அவன் பட்டாளத்துல இருக்கான். அங்க பேரு எதுக்கு? துப்பாக்கில ஒட்டிக்கவா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரித்தார், அதனால் சிரித்தேன். பிறகு ஒப்புதல் தாளில் கையெழுத்தும் போட்டேன். ஆறு வருடமாக இங்கே கிடக்கிறேன். என் முனைவர் பட்டம் அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் இருக்கிறது. அந்த ஆறு வருடத்தையும் வீணாக்க அவருக்கு ஒரு மதியம் போதும். அடுத்த கட்டுரையில் உன் பெயரைக் கட்டாயம் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போது எனக்கே நம்பிக்கை இல்லை.

திட்டு. என்ன வேண்டுமானாலும் சொல்லித் திட்டு. ஆனால் தம்பி, ஏழாம் தொட்டி இன்னும் முட்டையிடவில்லை. மீன்களுக்கு வயதாகிறது. இப்படியே போனால் அந்த வம்சமே அழிந்துவிடும். நீ இருந்தபோது அவை முட்டையிட என்னதான் செய்தாய்?

செரிம் அக்கா


சோர்வொன்
ஜனவரி 6, 2012

மதிப்பிற்குரிய ஆய்வாளர் யூன் செரிம் அவர்களுக்கு,

வணக்கம்.

வால் கோணிய ஆண் மீன்களால் நீரோட்டத்தில் நிலையாக நிற்க முடியாது. பெண் மீனின் பக்கத்தில் போவதற்குள் நீர் தள்ளிவிடும். மாலையில் குழாயை மூடிவிடவும். தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பவும், இல்லாவிட்டால் முட்டைகளை அவையே தின்றுவிடும். இரவில் ஆணையும் பெண்ணையும் கண்ணாடித் தடுப்பு வைத்துப் பிரிக்கவும். காலையில் விளக்கு எரிந்தவுடன் தடுப்பை எடுக்கவும். பக்கத்தில் நின்று பேசக் கூடாது.

புமாசி பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் இன்றும் நடவு அப்படித்தான் நடக்கிறது. வர முடியாத வீட்டுக்காரர் தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்புவார். அடுத்தவன் நட்ட வயலைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "அதுக்கு வேற பேரு இருக்கே" என்றார். கொஞ்ச நாளாகக் கூட்டுறவுக் கடைப் பக்கம் அவர் போவதில்லை.

சேவை முடிந்ததும் துறைக்குத் திரும்ப மாட்டேன். உங்கள் வயலில் இது என் கடைசி வேலை. பதிலுக்கு யாரும் வர வேண்டாம்.

காலுறை ஒரு ஜோடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். துவைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
பாங் துசிக்