எட்டுக் கிலோ மெஷின்

மார்ச் 3, செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. இன்னும் பங்குனிகூடப் பிறக்கவில்லை. மாடியில் காயப் போட்ட துணி அரைமணியில் விறைத்துப் போகிறது. உப்புத் தண்ணீரில் அலசினால் வேறெப்படி இருக்கும். பாப்பாவின் யூனிஃபார்ம் அட்டை மாதிரி தானாகவே நிற்கிறது.

காலையில்: இட்லி, பாப்பாவுக்கு ஸ்கூல் வேன், அத்தை முழங்காலுக்குத் தைலம், அரை பக்கெட் துணி. மீதி அரை பக்கெட் சாயங்காலத்துக்கு.

மத்தியானம் ஆஃபீஸில் டிஃபன் பாக்ஸைத் திறக்கும்போது என் வீட்டுக்காரர் செ.விடமிருந்து போன். அங்கே மெல்போர்னில் சாயங்காலம், வேலை முடிந்து ரயிலில். அவருக்கு எப்போதும் ரயிலில்தான் என் ஞாபகம் வரும். இறங்கும் ஸ்டேஷன் வந்தால் போய்விடும். இன்று குரலில் ஒரே குஷி.

"கவி, ஒரு வாஷிங் மெஷின் பாத்து வெச்சிருக்கறேன். லிங்க் அனுப்பறேன், பாரு. ஃப்ரண்ட் லோடு. எட்டுக் கிலோ."

"யாருக்குங்க?"

"யாருக்குன்னா? நம்ம ஊட்டுக்குத்தான். நீதான கை வலிக்குதுன்னு சொன்ன."

சொன்னது உண்மை. போன தீபாவளிக்கு. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டேன். ரசம் சாதம் முடிகிற வரைக்கும்.

அப்புறம்தான் யோசனை வந்தது. வீட்டில் மூன்று பேர். ஜூனில் நானும் பாப்பாவும் அவரிடம் போய்விடுவதாகப் பேச்சு. மிஞ்சுவது அத்தை, அவருடைய அம்மா மட்டும். ஒரு சேலை, ஒரு துண்டு. அதற்கு எட்டுக் கிலோ மெஷினா?

போன வருடமும் ஜூன் என்றுதான் சொன்னார். அதற்கு முந்தின வருடமும் ஜூன்தான்.

மார்ச் 5, வியாழன்

லிங்க்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. வெள்ளையா சாம்பலா? ஸ்டீம் வேண்டுமா? மோட்டாருக்குப் பத்து வருட வாரண்டி என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறார். பத்து வருடம். அந்த வார்த்தையிலேயே கண் நிற்கிறது.

இத்தனை வருடம் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டியதில் ஒன்று தெரியும். ஆர்டர் கொடுக்கப் போகிற பையர் விலைக்குச் சண்டை போடுவான், டெலிவரி தேதி கேட்டு உயிரை வாங்குவான். கொடுக்கப் போகாதவன்தான் தேனாகப் பேசுவான். ஷேடை மாற்று என்பான், இன்னொரு சாம்பிள் அனுப்பு என்பான், அருமையாக இருக்கிறது, யோசித்துச் சொல்கிறோம் என்பான். முடியாது என்று மட்டும் சொல்லவே மாட்டான். நாங்களும் எங்கள் செலவில் தைத்துத் தைத்துக் கொரியர் அனுப்பிக்கொண்டே இருப்போம்.

விசாவுக்கு என்று செ. இதுவரை கேட்டவை: கல்யாணப் பதிவுச் சான்றிதழ். அதற்கு இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. பாப்பா பாஸ்போர்ட். வெள்ளைப் பின்னணியில் போட்டோ. காது தெரியவில்லை என்று மறுபடியும் போட்டோ. எல்லாம் அனுப்பியாகிவிட்டது. "சூப்பர் கவி, பாத்துச் சொல்றேன்."

இது எனக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது என்றால் என் வேலைக்கே அவமானம்.

சாயங்காலம் ரிங் ரோட்டில் டிராஃபிக். சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, மேல் டேங்குல இருக்கறது போர்த் தண்ணி. உப்பு. அது மெஷினைத் தின்னுபோடுங்க."

"அப்ப நல்ல தண்ணி பைப்புல கனெக்‌ஷன் குடுத்துக்கலாம்."

"நல்ல தண்ணி வாரத்துக்கு ஒருக்கா வந்தாலே அதிசயமுங்க. அதையும் குடிக்கறதுக்குப் புடிச்சு வெக்கோணும்."

"இன்னுமா அப்படியே வருது?"

இந்த ஒரு கேள்விக்கு எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. பல்லடம் ரோட்டில் இதே வீட்டில் பிறந்து, தண்ணீர் வருகிற நாளில் ஸ்கூலுக்கு லீவு போட்டுக் குடம் தூக்கின மனுஷன். இன்னுமா என்கிறார். என்னவோ நாங்கள் வேண்டுமென்றே பழைய மாதிரி இருப்பதுபோல.

மார்ச் 9, திங்கள்

பாப்பா ஸ்கூலிலிருந்து மெசேஜ். அடுத்த வருடம் ஆறாவதுக்கு சீட் வேண்டுமா, டி.சி.யா? மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். வெயிட்டிங் லிஸ்ட்டில் பிள்ளைகள் நிற்கிறார்களாம்.

அப்படியே அவருக்கு அனுப்பினேன். கீழே, "சீட்டா, டி.சி.யாங்க? பதில் வேணும்."

பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. மத்தியானம் பதில் வந்தது. மெஷின் படம். "புக் பண்ணிட்டேன்! வியாழக்கிழமை வரும்."

பாப்பா போன வருடமே கிளாஸ் பூராவும் ஆஸ்திரேலியா போவதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். ஹிந்தி டியூஷன் சேரவில்லை, அங்கே தேவைப்படாதாம். இவளுக்கு யார் சொல்வது?

அத்தையிடம் மெஷின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "எதுக்குங்கண்ணு இத்தச்சோடு பெருசு? சாயப்பட்டறை வெக்கப் போறானாக்கும்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு கடுப்பு. இந்த அம்மாவைத் தனியாக விட முடியாது என்று செ. சொல்வதால்தானே ஒவ்வொரு ஜூனும் தள்ளிப்போகிறது.

மார்ச் 12, வியாழன்

மெஷின் வந்தது. நாள் நன்றாக இல்லை, பிரிக்கக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். ஹாலில் அட்டைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறது, ஒறம்பரையாக விருந்துக்கு வந்த பெரிய மனுஷன் மாதிரி. டி.வி. பார்க்கச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

செ. மூன்று தடவை போன். வந்துவிட்டதா, அடிபட்டிருக்கிறதா, வீடியோ எடுத்து அனுப்பு. நான் பிரசவத்துக்குத் தாய்வீடு போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு தடவை பண்ணினார்.

ஸ்கூல் விஷயம் கேட்டேன். "அதான் மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்குதல்ல."

மார்ச் 14, சனி

நேற்றுப் பிரித்து மஞ்சள் குங்குமம் வைத்து, கண்ணாடிக் கதவுக்கு ஒரு பொட்டு. சூடம் காட்டினோம். போட்டோ போனது. பதிலுக்கு இதயம் வந்தது.

இன்று மாட்டிக் கொடுக்க ஆள் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். குழாய் மாட்டி, பிளக் செருகி, பட்டனை அழுத்தினார். உள்ளே ஏதோ உறுமியது. கொஞ்ச நேரத்தில் நின்று, சிவப்பில் ஓர் எழுத்து மினுங்கியது.

"ஏக்கா, டேங்க் ரொம்பத் தாழ்வால்லா இருக்கு. பிரஷர் காணாது. தண்ணி ஏறலன்னா இது ஓடாதுக்கா."

"அப்ப என்ன பண்றதுங்க?"

"மோட்டார் வைக்கணும். இல்லன்னா டேங்க உசத்திக் கட்டணும்."

செ.வுக்குப் போன் போட்டேன். "ரெவ்யூல யாருமே இதைச் சொல்லலையே கவி."

"ரெவ்யூ எழுதுனவங்க ஊட்டுலெல்லாம் குழாயத் தொறந்தாத் தண்ணி வருமாட்ட இருக்குதுங்க."

சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

கையால்தான் துவைத்தேன். எதிரில் அது பொட்டு வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

நல்ல தண்ணீர் வந்தது. ஆஃபீஸுக்கு அரைநாள் பர்மிஷன். டிரம், குடம், அண்டா, பாத்திரம் எல்லாம் நிரப்பின பிறகும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அபூர்வம்.

அத்தைக்கு ஒரு யோசனை. சோப்புத் தூள் போடும் டப்பாவை இழுத்து, அதன் வழியாக மொண்டு ஊற்றினால் ஓடாதா? எதிர்வீட்டில் அப்படித்தான் செய்கிறார்களாம். சரி என்று நான் குடம் குடமாகக் கொண்டு வந்து வைக்க, அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து சொம்பால் ஊற்றினார். ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. இடுப்பு போய்விட்டது.

"இதுக்குக் கையிலயே தொவைச்சிருக்கலாமுங்க அத்தை."

"ஆசையா வாங்கிக் குடுத்திருக்கறான், ஒருக்கா ஓட்டிப் பாத்தரலாங்கண்ணு. அவனும் என்னதான் பண்ணுவான்? நீ வேலைய உட்டுப்போட்டு வர மாட்டீன்னுட்ட."

குடத்தோடு நின்றுவிட்டேன். "என்னங்கத்தை சொன்னீங்க?"

"அதான் கண்ணு. அங்க வர்றதுக்கு உனக்கு இஷ்டமில்லையாமா. கட்டாயப்படுத்துனாச் சண்டைதான் வரும்னு சொன்னான். சரி, படிச்ச புள்ள, உம்பட வேலை உனக்குப் பெருசா இருக்கும்னு நானும் கேக்கலை."

"உங்களத் தனியா உட்டுப்போட்டு வர முடியாதுன்னு எங்கிட்டச் சொன்னாருங்க. நீங்கதான் என்னைய அனுப்ப மாட்டீங்கறீங்களாமா."

அத்தை சொம்பைக் கீழே வைத்தார்.

"நானா? நான் எப்பச் சொன்னேன்? பொங்கலூர்ல எந்தங்கச்சி ஊட்டுல போயி இருந்துக்கறேன், பொண்டாட்டி புள்ளையக் கூட்டிட்டுப் போடான்னு அவன் போன மறுமாசமே சொல்லிப்போட்டனே!"

முதலில் என்னைத்தான் முறைத்தார். பொய் சொல்கிறாளோ என்று. மகன் என்றால் அப்படித்தான் இருக்கும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது சொன்னான், என்ன வார்த்தை சொன்னான். நானும் கேட்டேன். மெஷின் தண்ணீர் போதாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. யாரும் ஊற்றவில்லை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஊறின துணியை உள்ளேயிருந்து எடுக்க முடியவில்லை. கதவு லாக்.

மார்ச் 19, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை.

ஆஃபீஸில் நேவி சாம்பிளுக்குப் பதில் கறுப்பு சாம்பிளுக்கு ஓகே போட்டு, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேட்டுக்கொண்டே நின்றேன்.

தினம் காலையில் அத்தை காலுக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம், இந்தக் கால்தானே என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று பொருமியிருக்கிறேன். அந்த அம்மா என்னைச் சம்பளத்துக்காகப் புருஷனை விட்டவள் என்று நினைத்துக்கொண்டே காபி போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில். செ. எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து கோள் மூட்டவில்லை, கடல் தாண்டி உட்கார்ந்து மூட்டியிருக்கிறார். கெட்டிக்காரர்தான்.

இரண்டு நாளாக அவர் போனை நான் எடுக்கவில்லை. மெசேஜ் வந்தது: "பிஸியா கவி? மெஷின் ஓடுதா?"

மார்ச் 22, ஞாயிறு

பாப்பா பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போனதும் வீடியோ கால். அத்தை என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒரே திரையில். பார்த்தவுடனே செ.வுக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறியதைப் பார்த்தேன்.

அத்தைதான் பேசினார். சத்தமே போடவில்லை. "ஏஞ்சாமி, எங்கிட்ட ஒண்ணு, இவகிட்ட ஒண்ணு சொல்லி வெச்சிருக்கறயே, ஏன்?"

"அம்மா, அது அப்படியில்லீங்கம்மா. அந்த அர்த்தத்துல சொல்லலீங்க."

"வேற யாராச்சும் இருக்கறாளா அங்க?"

"சத்தியமா இல்லீங்கம்மா!"

அது உண்மை. அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

"பின்ன என்னுங்க?" இது நான்.

அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

"தனியா இருந்து பழகிப்போச்சு கவி. நீங்க வந்தா ஊடு மாத்தோணும், ஸ்கூல் பாக்கோணும், எங்க போனாலும் சொல்லிட்டுப் போகோணும். நெனைச்சாலே மலைப்பா இருக்குது. உங்க மேல பாசமில்லாம இல்ல. கொஞ்ச நாள் போகட்டுமே."

இன்னொருத்தி இருந்திருந்தால் தலைமுடியைப் பிடித்து இழுக்கவாவது ஒரு ஆள் கிடைத்திருப்பாள். கோபம்கூட வரவில்லை, அசிங்கமாகத்தான் இருந்தது.

அத்தைதான் போனை வைத்தார். வைக்கத் தெரியாது, திருப்பிக் கவிழ்த்தார். அதற்குள்ளிருந்து "அம்மா, அம்மா" என்று கொஞ்ச நேரம் கேட்டது.

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. பாப்பாவுக்கு மட்டும் தோசை.

மார்ச் 23, திங்கள்

காலையில் எழுந்து போனைப் பார்த்தால் அவரிடமிருந்து மெசேஜ். அவசரமாகத் திறந்தேன். மன்னிப்போ, திட்டோ, விசாவோ, ஏதோ ஒன்று.

லிங்க். உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் ஃபில்டர். கீழே ஒரு வரி: "இதோட ஒரு சின்ன மோட்டாரும் மாட்டுனா மெஷின் சூப்பரா ஓடும். ரெவ்யூ எல்லாம் பாத்துட்டேன்."

"என்ன அனுப்பியிருக்கறான்?" என்றார் அத்தை.

"உப்பு எடுக்கற சாமானுங்க."

அத்தை விளக்குமாற்றை எடுத்தார். வாசல் கூட்டப் போனார். பாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று மட்டும் போகிற போக்கில் சொன்னார்.

மார்ச் 24, செவ்வாய்

ஆஃபீஸ் போகும் வழியில் ஸ்கூல். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று. ஆஃபீஸ் ரூமில் அதே அம்மா, யூ.கே.ஜி. சேர்த்த நாளிலிருந்து தெரியும்.

"ஆறாவதுக்கு சீட் போட்டுருங்க."

"ஆஸ்திரேலியா போறீங்கன்னு பாப்பா சொல்லிட்டே இருந்தாளே?"

"இல்லீங்க. போகலீங்க."

"ஏனுங்க, விசா கெடைக்கலீங்களா?"

"வாஷிங் மெஷின் வாங்கிட்டோமுங்க."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.