முகம் காட்டாத சமையல்காரன்

மார்ச் 4

கடையில் இன்று ஈ ஓட்டினோம். ஒருவர் வந்து பழைய மூக்குக்கண்ணாடிக்குத் திருகு மாட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான். கேஷில் இருப்பவள் போனை நீட்டி, ஜெயிலுக்குள்ளிருந்து ஒருத்தன் வீடியோ போடுகிறான் பாருங்கள் என்றாள். வாளித் தண்ணீரில் ஹீட்டர் கம்பி, அதற்குள் ஒரு டப்பா, டப்பாவில் நூடுல்ஸ். முகம் இல்லை, கைகள் மட்டும். கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். நானும் நன்றாகத்தான் சிரித்தேன்.

அப்புறம் டப்பாவைத் தூக்கிய இடது கையைப் பார்த்தேன். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. சின்ன வயதில் சைக்கிள் செயினில் சிக்கிய விரல். அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதே நான்தான், எனக்குத் தெரியாதா?

தம்பி, நீ திருந்தவே மாட்டியாடா?

மார்ச் 5

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "வீட்ல ஒரு டம்ளர் கழுவினதில்ல, அங்க போய் இவ்ளோ கத்துக்கிட்டானா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருட்டுச் சரக்கு என்று தெரிந்தே வேன் ஓட்டி உள்ளே போனவன். அடுத்த மாதம் முன்விடுதலைக் குழு அவனுடைய ஃபைலைப் பார்க்கப்போகிறது. நடத்தையில் ஒரு கரும்புள்ளி கூட விழக்கூடாது என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். உள்ளே போன் வைத்திருப்பதே குற்றம். இவன் அதை வைத்து ஊருக்கே சமையல் வகுப்பு எடுக்கிறான்.

மார்ச் 8

போய்ப் பார்த்தேன். நடுவில் தடித்த கண்ணாடி, ஆளுக்கொரு ரிசீவர். பேசுவதெல்லாம் பதிவாகும் என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. பின்னால் வார்டர் வேறு. இதில் எப்படிச் சொல்வது? நமக்குத் தெரிந்த ஒரு சமையல்காரன் கையை ரொம்ப நீட்டுகிறான், கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல் என்றேன். துரைக்கு உடனே புரிந்துவிட்டது. "அவன் நல்ல பையன்தான்கா, பொழுது போகல போல" என்றான், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். கண்ணாடி மட்டும் இல்லாதிருந்தால் ஓங்கி ஒன்று வைத்திருப்பேன்.

மார்ச் 9

நேரில் பேச வழியில்லாததால் அவனுடைய வீடியோக் கணக்குக்கே மெசேஜ் போட்டேன், என் பெயர் தெரியாத புதுக் கணக்கிலிருந்து. "நிறுத்து" என்று ஒரே வார்த்தை. மறு நிமிடம் "அக்கா?" என்று வந்தது. வெளியே இருந்தபோது மூன்று முறை கூப்பிட்டால் ஒருமுறை எடுக்கிறவன்.

போன் அவனுடையது இல்லையாம், அறையில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து ஒன்றாம். மற்றவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு பேசுவார்கள், இவன் முறை வரும்போது வீடியோ எடுப்பானாம். திட்டித் தீர்த்தேன். அதற்கு அவன் எழுதினான்: "இங்க எல்லாரும் என்னை நம்பர் சொல்லித்தான்கா கூப்பிடறாங்க. அங்க யாரோ ஒருத்தர் நல்லாருக்குன்னு சொன்னா, அன்னிக்குத் தூக்கம் வருது."

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இனிமேல் போடமாட்டேன் என்றான். பார்ப்போம்.

மார்ச் 13

போட்டிருக்கிறான். பொடித்த பிஸ்கட்டில் கேக்.

மார்ச் 14

அம்மாவிடம் காட்டிவிட்டேன். காட்டியிருக்கக் கூடாதோ?

அவன் உள்ளே போனதிலிருந்து அம்மா அவனைப் பார்க்கவில்லை. கேட்டால் முழங்காலைக் காட்டுவாள். முழங்கால் வலி உண்மைதான், ஆனால் காரணம் அதில்லை. பெற்ற பிள்ளையை அப்படி ஒரு இடத்தில் வைத்துப் பார்க்கமாட்டேன் என்று வைராக்கியம். இன்று சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வெறுமனே பிசைந்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. போனை அவள் கையில் கொடுத்தேன்.

நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. திரையில் அவன் விரலைத் தடவினாள். வீடியோ நின்றுவிட்டது. தொட்டா நிக்கும்மா என்றேன். மறுபடி ஓட்டிக் கொடுத்தேன், மறுபடி தொட்டாள். அப்புறம் சோற்றையெல்லாம் சாப்பிட்டு முடித்தாள்.

யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

மார்ச் 19

அம்மா நாளெல்லாம் தன் போனில் அதையேதான் ஓடவிடுகிறாள். பாத்திரம் தேய்க்கும்போது அடுப்படியில் அவன் டப்பாச் சத்தம். "உப்பே போடல பாரு" என்று போனோடு சண்டை. வீடு பழையபடி ஆகிவிட்ட மாதிரி இருக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது என்று எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 23

கேஷில் இருப்பவள் மத்தியானம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அந்தப் பையனோட அம்மாவே கமெண்ட் போட்டிருக்காங்கக்கா. பாவம், படிக்க முடியல."

அவள் போனை வாங்கிப் பார்த்தேன்.

"தங்கம் டப்பா மூடியால வெட்டாதே கைய வெட்டிக்குவே. ஏற்கனவே அந்தச் சுண்டுவிரல் ஒண்ணு போதும். அடுத்த மாசம் உன் ஃபைல் வருதுன்னு வக்கீல் சொல்லிட்டார். வந்ததும் நானே செஞ்சு போடறேன். அம்மா."

அம்மாவுடைய சொந்தக் கணக்கு. முழுப் பெயர். பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் அவள் படம். அதற்குக் கீழே வரிசையாக மற்ற அம்மாக்கள்: என் பிள்ளையும் உள்ளேதான் இருக்கிறான், உங்கள் பிள்ளை சீக்கிரம் வரட்டும், விரலுக்கு எண்ணெய் தடவச் சொல்லுங்கள்...

பாதி வேலையில் வீட்டுக்கு ஓடினேன். அம்மா மைக்கை அழுத்திப் பேசினாளாம், அது தானாகவே எழுதிக்கொண்டதாம். "யார்கிட்டயும் சொல்லலையே. அவன்கிட்டதானே சொன்னேன்." அது அவனுக்கு மட்டும் போகும் என்று நினைத்திருக்கிறாள். கடிதம் மாதிரி. நான் அவளுக்குச் சொல்லித் தரவே இல்லையே.

அழித்துவிட்டேன். ஆனால் கேஷில் இருப்பவளின் அக்கா வரைக்கும் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 24

அவனுடைய கணக்கே இல்லை. தேடினால் ஒன்றும் வரவில்லை.

மார்ச் 26

வக்கீல் கூப்பிட்டார். அறை அறையாகச் சோதனை போடவில்லையாம், நேராக இவனுடைய அறைக்கே போயிருக்கிறார்கள். அடுத்த மாதம் ஃபைல் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அதில் சுண்டுவிரல் வளைந்தவன் ஒருத்தன்தான். போன் யாருடையது என்று கேட்டதற்கு என்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டானாம். மற்றவர்களைக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஃபைல் திரும்பிவிட்டது. இனி அடுத்த வருஷம்தான், அதுவும் நிச்சயம் இல்லை.

கடையின் பின்னறையில் உட்கார்ந்து அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவன் மேல் படலாம், நியாயமாகப் படலாம். ஆனால் முடியவில்லை.

மார்ச் 30

தேதி தள்ளிப்போய்விட்டது, அங்கே ஏதோ ஆபீஸ் வேலை முடியவில்லையாம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன். வீட்டுக்காரரும் கூடவே தலையாட்டினார். அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், "வீடியோவும் வர்றதில்ல" என்றாள். போன் கெட்டுப்போயிருக்கும் என்றேன்.

ராத்திரிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

ஏப்ரல் 9

அம்மா இன்று, "அடுத்த தடவை நானும் வர்றேன்" என்றாள். முழங்கால் என்னாவது என்றேன். அது பாட்டுக்கு வரும் என்றாள்.

ஏப்ரல் 12

பார்வையாளர் அறை மாடியில். இரண்டு படி ஏறுவாள், நிற்பாள். வீட்டுக்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெண் வார்டர் ஒருத்தி தானாகவே நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

தம்பி உள்ளே வந்தவன் அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். இளைத்திருக்கிறான். ரிசீவரை எப்படிப் பிடிப்பது என்று அம்மாவுக்கு நான் காட்டிக் கொடுத்தேன். சாப்பிட்டியா, நல்லாருக்கியா எதுவும் கேட்கவில்லை அவள். முதல் வார்த்தையே, "நான் எழுதினதுனாலதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா இருந்தாள்?

அவன் உடனே சிரித்தான். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "நீயும் எழுதினியாம்மா? அங்க எத்தனையோ அம்மாங்க எழுதினாங்க. அதுல உன்னுது எதுன்னே எனக்குத் தெரியாது. நான் மாட்டினது வேற கதை, என் திமிரு."

அம்மா தலையை ஆட்டினாள். சரிப்பா, சரிப்பா என்றாள். மணி அடிக்கும்வரை முழங்காலைப் பற்றியும் பக்கத்து வீட்டு நாய்க் குட்டிகளைப் பற்றியும் பேசினார்கள். இருவரும் நன்றாகவே சிரித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கே எனக்குப் பதில் போட்டான்டி" என்றாள். "'சரிம்மா, மூடியால வெட்டல'ன்னு. நீ அழிக்கறதுக்கு முன்னாடி."

இனி மாதாமாதம் அவளும் வருகிறாளாம்.