குட்டிகளுக்குப் போட்ட மேடு

இன்று காலை கொழுந்து வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் பச்சைப் புல் வாசம் மூக்கில் ஏறியது. நின்றுவிட்டேன். உங்கள் மேல் வளர்ந்த புல்லைத்தான் இயந்திரம் வைத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பங்களாவை ஹோட்டலாக்கிய பழைய துரையின் கிறுக்கு உங்களுக்கு மறந்திருக்காது. சீமையில் அந்தக் காலத்துப் பிரபுக்கள் நீளநீளமாக மண்மேடு போட்டு, உள்ளே முயல் வளர்த்துத் தின்றார்களாம். முயல்கள் போய்ப் பல நூறு வருடமாகியும் மேடுகள் அப்படியே கிடக்கின்றனவாம். இங்கும் அதுபோல் வேண்டுமென்று உங்களை மண்வெட்டியோடு நிறுத்தினார். முயல் குடியிருக்கக் கல் அடுக்கிப் பொந்து வைத்தீர்கள். ஈரம் ஏறாமல் சுற்றிலும் தண்ணீர் ஓடக் கான் வெட்டினீர்கள்.

"அங்கயும் ஆளுங்கதான் பொந்து வச்சுக் குடுப்பாங்களாம் புள்ள. நம்ம லயத்து வீட்டுக் கூரை ஒழுகுதுன்னா மட்டும் அடுத்த வருசம்ங்கிறாங்க" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆடி மழையில் அந்தக் கான் அடைத்துக்கொண்டது. அடைப்பைக் குத்திவிடப் போன உங்கள்மேல் மேல்கரை சரிந்தது. ஓடிவந்த துரை முதலில் கேட்டது, "முயலுக்கு ஒண்ணும் ஆகலயே?" இடுகாட்டுப் பாதையும் சரிந்து கிடந்ததால் மேடுகளுக்குப் பக்கத்திலேயே உங்களைப் புதைத்தோம். முயல்கள் அந்த வருடமே நோயில் செத்துத் தொலைந்தன. எனக்கு வயிறு குளிர்ந்தது, அதை மறைப்பானேன்.

பிறகு புதுத் துரை வந்தார். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். வெள்ளைக்காரர்கள் பார்க்க முயல் மேடுகளை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிரவச் சொன்னார். மண்வெட்டி உங்கள் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. சமாதி என்று சொல்லிப் பயனில்லை. தோட்டத்துக் கீழ்மலையில் நம் ஆள்களின் சமாதிகளைக் கெஞ்சக் கெஞ்ச நிரவியவர்கள்தானே. வேலையை மேற்பார்க்க வந்திருந்த, பழைய கதை தெரியாத புதுக் கண்டாக்கு ஐயாவிடம் போனேன்.

"இதுவும் முயல் மேடுதாங்க ஐயா. குட்டிகளுக்குன்னு சின்னதாப் போட்டது."

"யாரு போட்டது?"

"எங்க வீட்டுக்காரருங்க."

உங்களைப் புதைத்த நம் லயத்து ஆள்கள் குனிந்த தலை நிமிராமல் மண்வெட்டியை வேறு பக்கம் திருப்பினார்கள்.

இப்போது உங்களைச் சுற்றிக் கம்பி வேலி. தலைமாட்டில் பலகை: முயல் குட்டிகள் வாழ்ந்த மேடு, மிதிக்க வேண்டாம். உயிரோடு இருந்தபோது ஒரு கூரைத் தகரம் தராதவர்கள் வாரம் தவறாமல் புல் வெட்டுகிறார்கள். மனிதராகவே கிடந்திருந்தால் இந்நேரம் உங்கள்மேல் கார் நின்றிருக்கும்.

ஒன்றுதான் முடியவில்லை. அங்கே நின்று வாய்விட்டு அழ முடியாது. முயலுக்கு யார் அழுவார்கள்? திவசத்தன்று சூடத்தை மடியில் முடிந்துகொண்டு போனேன். புதுத் துரை விருந்தாளிகளோடு உங்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். வேலியோரமாக நடந்து திரும்பிவிட்டேன். கொளுத்தாத சூடம் இன்னும் மடியிலேயே கரைந்துகொண்டிருக்கிறது.