இருபது கிலோவும் தாய்மாமன் மடியும்

கோச்சடை, மதுரை
புரட்டாசி, ஞாயிறு

அன்பு மகன் செல்வக்குமாருக்கு,

நான் சுகம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசினால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். எடையைக் குறைக்க நீ வயிற்றுக்குள் பலூன் வைத்துக்கொண்டதை உன் தங்கை ஆர்த்திகாதான் போன வாரம் சொன்னாள். முதல் சில நாள் ஒரே வாந்தியாமே. நெற்றியைப் பிடித்துக்கொள்ள யாராவது பக்கத்தில் இருந்தார்களா? அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாம் அந்த ஃப்ளெக்ஸால் வந்தது என்று இப்போது புரிகிறது. ஆர்த்திகா பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் படம் பெரிதாக இருக்கவேண்டும் என்று மாப்பிள்ளை அழகுபாண்டி நீ ஒல்லியாக இருந்த கல்லூரிக் காலத்துப் படத்தைத் தேடிப்பிடித்துப் போட்டு, உனக்கும் அனுப்பிவைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் நீ லீவு இல்லை என்றாய், ஆவணியில் வைத்திருந்த விசேஷத்தைத் தைக்குத் தள்ளினோம். இப்போது இருபது கிலோ குறைந்தால்தான் ஊருக்கு வருவேன் என்றாயாம். மாப்பிள்ளையிடம் கேட்டால், மச்சான் இதுக்குப் போயி இம்புட்டு வெக்கப்படலாமா அத்தே, மடி அகலமா இருந்தா பிள்ளைக்குத்தானே சௌகரியம் என்கிறார். அவர் போகும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நான் சும்மா இருக்கவில்லை. பழங்காநத்தத்தில் ஒரு வயிற்று டாக்டரம்மாவைப் பார்த்து விவரம் கேட்டேன். பலூன் இருந்தால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருக்குமாம், நூறு கிலோ இருப்பவருக்குப் பத்து, பதினைந்து குறையலாம், சிலருக்கு அவ்வளவும் குறையாதாம். ஆறு மாதத்தில் எடுத்துவிடுவார்கள், பிறகு சாப்பாடும் நடையும் பழையபடியே போனால் குறைந்ததில் நிறையத் திரும்பி வந்துவிடுமாம். பலூன் ஆரம்பிச்சுத்தான் வைக்கும்மா, மிச்சம் உங்க பையன் கையிலதான் என்றார். நீ பிடித்ததை விடமாட்டாய், தெரியும். ஆனால் அந்த இருபது வராமலே போனால், நீயும் வராமலே போவாயா?

உன் சித்தப்பா மகன் தவசி மடியில் உட்காரவைத்துக் குத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. கூடப்பிறந்த மாமன் இருக்கும்போது வேறு மடி எதற்கு என்று முடித்துவிட்டேன். பந்தியில் உன் இலையில் யாரும் வற்புறுத்திக் கறி வைக்கக்கூடாது என்றும் சொல்லியாயிற்று. உன் உடம்பைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எப்போது வருகிறாய் என்று உன்னை நான் கேட்டதே இல்லை, உன் அப்பா போன பிறகும் கேட்கவில்லை. கேட்டு வரவழைப்பது என் வழக்கமில்லை. இப்போது கேட்கிறேன். வீடியோவில் கழுத்துக்கு மேலே மட்டும் தெரியும்படி நீ போனைப் பிடிப்பதைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று வருடமாக உன் முகம் மட்டும்தான் எனக்குக் கிடைத்திருக்கிறது. நீ வாசலில் வந்து நிற்க வேண்டும், எவ்வளவு இருக்கிறாயோ அவ்வளவையும் நான் பார்க்க வேண்டும்.

நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இரு. வயிற்றில் அமிலம் சுரக்காமல் இருக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒருவேளையும் விடாதே. தைக்கு வந்துவிடப்பா.

வழி பார்த்திருக்கும் உன் அம்மா,
ஜெயக்கொடி