சாப்பிடாத நாளின் கலோரி

அக்டோபர் 9, வியாழன்

இன்று வந்த வசவு: "சால்னா ஊத்தாம எவன்டா புரோட்டா திங்கான்? உன் கணக்குல சால்னாவே இல்ல. நீ மனுசனா?" எழுதியவர் வீரபாகு, எட்டயபுரமாம். விலை கொடுத்து வாங்கியவர் மாதிரிக் கேட்கிறார். நான் பார்த்துக்கொள்ளும் இந்தச் சாப்பாட்டுக் கணக்கு நிரல் ஓப்பன் சோர்ஸ். யாரும் சும்மா எடுத்துத் தங்கள் ஆப்பில் சேர்த்துக்கொள்ளலாம். சாப்பிட்டதை எழுதினால் கலோரி, சீனி, உப்பு எவ்வளவு என்று கூட்டிச் சொல்லும். தொடங்கியவர் சென்னையில் இருக்கும் ஜெயகணேஷ். பழுது பார்ப்பதெல்லாம் நான், துறைமுகச் சாலையில் அப்பாவின் பலசரக்குக் கடைக்குப் பின்பக்கம், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து. அது யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நான் 'ப்ரோ'. இருக்கட்டும், பேச வேண்டாமே. எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்கிறார்கள் என்றுதானே பத்தாவதோடு பள்ளியையே விட்டேன்.

சால்னாவைச் சேர்த்துவிட்டேன். நன்றி வராது.

அக்டோபர் 13, திங்கள்

மறுபடி வீரபாகு. "புரட்டாசிச் சனிக்குப் பச்சத்தண்ணி பல்லுல படாம இருந்தேன். மூணு வேளையும் தின்னேன்னு காட்டுது. எம்பொண்டாட்டி சிரிக்கா."

நிரலைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு நாள் எதுவும் எழுதாவிட்டால், மறந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு, போன வாரத்துச் சராசரியை அதுவே நிரப்பிவிடுகிறது. ஜெயகணேஷ் எழுதியது. விரதம் இருப்பவர்கள் என்னத்தை எழுதுவார்கள்? சாப்பிடவில்லை, எழுதவில்லை.

மாற்றி ஜெயகணேஷின் ஒப்புதலுக்கு அனுப்பினேன். நிரப்பக் கூடாது, கேட்க வேண்டும்: 'நேற்று ஒன்றும் சாப்பிடவில்லையா, எழுத மறந்தீர்களா?'

அக்டோபர் 15, புதன்

ஜெயகணேஷ் ஏற்கவில்லை. "ப்ரோ, நாள் பூரா எவன் சாப்பிடாம இருப்பான்? கேள்வி கேட்டா யூசர் ஓடிடுவான். சார்ட்ல ஓட்டை விழுந்தா அசிங்கம்."

இவர் அம்மா விரதமே இருந்ததில்லையா? இல்லை, அம்மா சாப்பிட்டாளா என்று இவர் கேட்டதே இல்லையா?

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஊரெல்லாம் வெடி. யாரையும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

கந்தசஷ்டி. அம்மா விரதத்தை ஆரம்பித்துவிட்டாள். ஆறு நாளும் ராத்திரி ஒரு தம்ளர் பால், அவ்வளவுதான். சீனி வியாதிக்கான மாத்திரை மட்டும் வழக்கம்போல. தெருவுக்கு வரும் நர்ஸ் பிரேமா அக்கா அம்மாவின் போனில் ஏற்றிக்கொடுத்த ஆப்புக்குள் இருப்பது எங்கள் நிரல்தான். விரதம் என்று அக்காவிடம் சொல்லிவிடு என்றேன்.

"ஏளா, சொன்னா ஏசுவா. முருகனுக்கு இருக்கதுக்கு அவகிட்ட உத்தரவு கேக்கணுமோ?"

பாலையாவது எழுதலாம் என்று போனை எடுத்தேன். பிடுங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 24, வெள்ளி

பிரேமா அக்கா வந்தாள். ரத்தத்தில் சீனி பார்க்கும் பட்டை தீர்ந்துவிட்டதாம். போனை மட்டும் பார்த்தாள். "முருகேஸ்வரியக்கா, ஒழுங்கா சாப்பிடுதீங்க. மாத்திரைய அப்படியே போடுங்க." அம்மா பயபக்தியோடு தலையாட்டுகிறாள்! நான் பக்கத்தில்தான் நின்றேன். பொய், அது காட்டுவது போன வாரச் சாப்பாடு — இதைச் சொல்ல வேண்டும். விலகி அக்காவுக்கு வழிவிட்டேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சீ.

அக்டோபர் 25, சனி

அம்மா விழுந்துட்டா. கடையில, உப்பு மூட்டை பக்கத்துல. வேர்த்து ஊத்துது, கண்ணு சொருகுது. அப்பா கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்காரு. சிகரெட் வாங்க வந்த லாரிக்கார மாசானம் அண்ணன்தான் கத்தினார்: "அண்ணாச்சி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? கலர ஒடைங்க!" ஆரஞ்சுக் கலர் சோடா சொட்டுச் சொட்டாய் உள்ளே போன பிறகு கண் திறந்தாள். திறந்ததும் முதல் பேச்சு: "எவம்லே என் விரதத்தக் கெடுத்தது?"

ஜெயகணேஷுக்கு எழுதினேன். "சாரி ப்ரோ. ஆனா அது டாக்டர் பாக்க வேண்டியது, நம்ம கோட் இல்ல" என்று பதில்.

மாற்றத்தை நானே ஏற்றி வெளியிட்டுவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஜெயகணேஷ் மாற்றத்தை எடுத்துவிட்டார். இனி நான் எதையும் தொட முடியாதபடி அனுமதியையும் பறித்துவிட்டார். 'டீமோடு வேலை செய்யத் தெரியாதவர்' என்று எல்லாரும் பார்க்க எழுதியிருக்கிறார். எந்த டீம்? இவ்வளவு நாளும் நீ எங்கன இருந்தே? போலே.

முழு நிரலையும் பிரதி எடுத்துத் தனியாக, என் பெயரில் வைத்தேன். ப்ரோ இல்லை. பொன்செல்வி.

அக்டோபர் 29, புதன்

என் பிரதிக்கு மாறச் சொல்லி, அம்மாவின் ஆப்பைச் செய்தவர்களுக்கு எழுதினேன். அம்மா விழுந்ததையும் சேர்த்து. பதில் இல்லை. செவிட்டுப் பயல்கள். பிரேமா அக்காவிடமோ, அன்று விழுந்தது வெறும் தலைசுற்றல் என்று அம்மா சாதித்துவிட்டாள்.

நவம்பர் 8, சனி

வீரபாகு என் பிரதியின் பக்கத்துக்கும் வந்துவிட்டார். "பொம்பளப்பிள்ளையா நீ? சரி, இருந்துட்டுப் போ. இட்லிப்பொடி போட்டிருக்கே, அதுக்கு ஊத்துத எண்ணெய் எங்க?"

ஆப்காரர்களிடமிருந்து ஒரே வரி: மாறிக்கொள்கிறோம்.

நவம்பர் 25, செவ்வாய்

நேற்று கார்த்திகைச் சோமவாரம். அம்மா பட்டினி. இன்று காலை போன் அவளைக் கேட்டிருக்கிறது. பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போகாது என்பதால், 'சாப்பிடவில்லை' என்பதை அமுக்கித் தொலைத்திருக்கிறாள். பிரேமா அக்கா போனைத் திறந்ததுதான் தாமதம். "நேத்து பட்டினியா? இந்த மாத்திரையப் போட்டுக்கிட்டா? அன்னைக்கு விழுந்தது இதனாலதானா?" தெருவே எட்டிப் பார்த்தது. நாளை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று அப்பாவுக்கும் ஏச்சு.

மத்தியானம் சோற்றின் முன்னால் உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "எந்த நாசமாப்போறவன் இந்த ஆப்ப எழுதுனான்? இப்படியா காட்டிக்குடுப்பான்?"

"நான்தான்" என்றேன். சத்தமாகவே வந்தது.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பெத்த பிள்ளையே..." என்று தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே ஏசுகிறாள். குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டு ஏசுகிறாள்.